குடோனில் வைத்த என் பொருட்களைக் கேட்காமல் விற்றுவிட்டார்கள், எவ்வளவு நஷ்டஈடு கேட்கலாம்?

வீடு மாறும்போது சாமான்களை எங்கோ வாடகைக்கு வைத்திருப்பீர்கள், ஒரு மாதப் பாக்கி விழுந்திருக்கும், அதைச் சாக்காக வைத்து விற்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது.

நான் வக்கீல் இல்லை, சிங்கப்பூரில் பதினெட்டு வருஷமாக மணவறை அலங்காரம் செய்கிறவள். 2022-ல் யீஷூனிலிருந்து செங்காங்குக்கு மாறினோம். புது வீட்டுச் சாவி தள்ளிப்போனதால் பித்தளைச் சாமான்களை வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தரும் ஒரு கம்பெனியின் குடோனில் காசு கொடுத்து வைத்தேன். நான்கு ஜோடிக் குத்துவிளக்கு, தாம்பாளங்கள், குடங்கள், பன்னீர்ச்செம்பு. ஒரு ஜோடி அம்மா நாச்சியார்கோயிலில் வாங்கி வந்தது. உச்சியில் அன்னம், அடித்தட்டின் ஓரத்தில் அம்மா பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும், அதில் 'ஜ' மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். எடுக்கப் போனால் ஒன்றும் இல்லை. பழைய பித்தளை என்று காராங்குனிக்காரரிடம், அதாவது இங்கே பழைய சாமான் வாங்குகிறவரிடம், எடைக்குப் போட்டுவிட்டார்கள். கிடைத்த எடைக்காசு 280 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) எனக்குத் தருகிறார்களாம்!

அந்த 280-ஐ வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அடுத்தவர் பொருளைத் தன்னுடையதுபோல விற்பதைச் சட்டத்தில் கன்வர்ஷன் என்கிறார்கள். அவர்கள் எவ்வளவுக்குத் தள்ளிவிட்டார்கள் என்பது கணக்கே இல்லை. விற்ற அன்று அந்தப் பொருளுக்கு, அது இருந்த நிலையில், சந்தையில் என்ன விலை என்பதுதான் பொதுவான அளவுகோல். அதனால் புதுசு விலையும் கிடைக்காது, அம்மா ஞாபகத்துக்கும் விலை கிடையாது. அது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனால் பொருள் போனதால் நேரடியாக வந்த நஷ்டத்தைத் தனியாகக் கேட்கலாம். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட இரண்டு கல்யாணத்துக்கு வேறொருவரிடம் விளக்கு வாடகைக்கு எடுத்தேன், அந்த ரசீதுகளையும் சேர்த்தேன். அதற்காக ஒரு வருஷம் வாடகைக்கே எடுத்துக்கொண்டிருக்க முடியாது, சீக்கிரம் மாற்று வாங்கிவிட வேண்டும்.

அவர்கள் அடுத்து, எல்லாம் விரிசல் விட்ட சாமான் என்றார்கள். இங்கேதான் 1722-ல் லண்டனில் நடந்த ஆர்மரி வழக்கு. புகைபோக்கி துடைக்கும் பையன் ஒருவன் கண்டெடுத்த நகையைத் தட்டான் கடையில் காட்டினான், அவர்கள் கல்லைக் கழற்றிக்கொண்டு திருப்பித் தரவில்லை. கல்லைக் கொண்டுவந்து காட்டாவிட்டால், அந்தக் குழியில் பொருந்தக்கூடிய மிக உயர்ந்த கல் என்றே வைத்து விலை போடச் சொன்னார் நீதிபதி. பொருளைத் தொலைத்தவனே அது மட்டமானது என்று சொல்லித் தப்ப முடியாது. நான் கல்யாணப் போட்டோக்களைப் பெரிதாக்கி, விளக்கின் ஒவ்வொரு திரிமுகமும் தெரிகிற மாதிரி அச்செடுத்துக் கொண்டுபோனேன். விரிசல் பேச்சு அத்தோடு நின்றது.

சிங்கப்பூரில் சின்னத் தொகை வழக்குகளை விசாரிக்கிற ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்தில் போட்டேன். வக்கீல் வைக்கக் கூடாது, 20,000 வெள்ளி வரை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 4,600 கேட்டு, முதல் பேச்சுவார்த்தையிலேயே 3,500-க்கு முடிந்தது. குறைத்துக்கொண்டேன் என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும், முகூர்த்த மாதத்தில் எத்தனை நாள் லீவு போடுவது? ஒன்று கவனியுங்கள், நான் காசு கொடுத்து வைத்த சேவை என்பதால்தான் அங்கே போக முடிந்தது. தெரிந்தவரிடம் சும்மா கொடுத்து அவர் விற்றிருந்தால் பெரும்பாலும் மேஜிஸ்திரேட் நீதிமன்றம்தான், அங்கே 60,000 வரை, பொதுவாக ஆறு வருஷம் அவகாசம்.

சொந்தக்காரர்கள்தான் என்னை அதிகம் நோகடித்தார்கள். பாத்திரம்தானே, விடு என்றார்கள். இவர்களே தங்கள் பிள்ளை கல்யாணத்துக்கு அந்த விளக்கை இரவல் வாங்கியவர்கள், இப்போது மண்டபக்காரர்கள் வைக்கும் பிளாஸ்டிக் பூ போதும் என்கிறார்கள். இருபது வருஷம் கழித்து அந்தப் போட்டோவில் என்ன இருக்கும்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எதை, என்றைக்கு, யாரிடம் விற்றீர்கள் என்று இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். அந்தத் தேதி கையில் வந்த பிறகு விலை விசாரிக்கப் போங்கள், பாக்கி இருந்தால் அதையும் மறைக்காமல் கழித்துக் காட்டுங்கள்.