அதிகாரியே களத்தில் இறங்கினால் அரசு வேலை வேகமாக நடக்குமா?

நடக்கும், ஆனால் அவர் இறங்கி என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது.

1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தது. சீரமைக்க ரயில்வே கொடுத்த கெடு 6 மாதம். மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். பொறுப்பில் இருந்த இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கோப்பு நகரட்டும் என்று காத்திருக்கவில்லை. கடலுக்குள் விழுந்து கிடந்த கர்டர்களையே, அதாவது பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களையே, தூக்கி எடுத்து மறுபடி பொருத்தினார்கள். அந்த முடிவை எடுக்க ஆள் களத்தில் இருந்தாக வேண்டும்.

பின்னாளில் டெல்லி மெட்ரோவில் அவர் கையாண்ட வழி வேறு. வேலை நடக்கும் இடங்களில், கெடுவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் பலகைகள் நின்றன. யாரும் அதட்டத் தேவையில்லை. டெண்டர் முடிவுகள் நிறுவனத்துக்குள்ளேயே எடுக்கப்பட்டன, அமைச்சகத்துக்குப் போய்த் திரும்பவில்லை. என்னைக் கேட்டால் பலகையைவிட இதுதான் பெரிய விஷயம்.

நம் அலுவலகங்களில் 'நேரடிக் கண்காணிப்பு' என்றால் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில் மணிக்கொரு போட்டோ கேட்பதுதான். அப்புறம் பாதி நாள் போட்டோ எடுப்பதிலேயே போய்விடும். கையெழுத்து மட்டும் மேலேயே தேங்கும்.