26 அடி கேபின் படகின் பழைய டீசல் இன்ஜினை மாற்றுவது சரியா? நாமே செய்ய முடியுமா?

கேள்வி கேட்டவரின் படகு 26 அடி, ஃபைபர் உடல். உள்ளே ஷாஃப்ட்டோடு, அதாவது பின்னால் ப்ரொப்பெல்லர் விசிறியைச் சுற்றும் தண்டோடு, பூட்டிய முப்பது வருஷப் பழைய டீசல் இன்ஜின். கறுப்பாகப் புகை கக்குகிறது, முன்போல இழுக்கவில்லை. புதிது போடும்போது குதிரைத்திறனைக் கூட்டலாமா, வேலையை நாமே செய்யலாமா என்று கேட்கிறார். ஏறக்குறைய இதே படகு, இதே வியாதி எனக்கும் இருந்தது. இன்ஜினை மாற்றி மூன்று வருஷம் ஆகிறது.

புது இன்ஜின் விலை விசாரிப்பதற்கு முன்னால் எக்ஸாஸ்ட் எல்போவைக் கழற்றிப் பாருங்கள். புகையும் குளிர்விக்கும் நீரும் ஒன்று சேரும் வளைவு அது. கரியும் உப்பும் படிந்து இறுகி, இரண்டு அங்குலத் துளை சுண்டுவிரல் நுழையாத அளவுக்குச் சுருங்கியிருக்கும். புகையை வெளியே தள்ள முடியாத இன்ஜின் கறுப்பாகத்தான் கக்கும், இழுக்கவும் இழுக்காது. அதை மாற்றியதுமே சரியான படகுகள் உண்டு. எல்போ சுத்தமாக இருந்தால் சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களைச் சோதிக்கக் கொடுங்கள், கம்ப்ரஷன் அளவையும் (சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பது) எடுக்கச் சொல்லுங்கள். ப்ரொப்பெல்லரில் சிப்பி ஒட்டியிருந்தாலும் இதே அறிகுறிதான். எனக்கு இது எல்லாம் பார்த்தாயிற்று. நான்கு சிலிண்டரில் இரண்டில் கம்ப்ரஷன் படுத்துவிட்டது, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடுப்பு மாதிரி புகைந்தது. அதற்குப் பிறகுதான் மாற்ற முடிவெடுத்தேன்.

குதிரைத்திறன் விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். நீரில் எழும்பி வழுக்கிப் போகாமல், நீரைத் தள்ளிக்கொண்டு போகும் வகைப் படகு என்றால் அதன் வேகத்துக்கு நீளமே எல்லை போடுகிறது. நீர்மட்டத்தில் படகின் நீளம் எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வருவது ஏறக்குறைய அதன் உச்ச வேகம், நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில். என் படகுக்கு அந்த நீளம் 23 அடி, ஆகவே 6.4 நாட். அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் படகு தானே எழுப்பிய அலையின் மேல் ஏறப் பார்க்கும்; டீசல்தான் கரையும். பெரிய டீசலை எப்போதும் பாரமில்லாமல் ஓட்டினால் சிலிண்டர் சுவர் பளபளவென்று வழுவழுத்துப் போய் ஆயில் குடிக்கத் தொடங்கும். பழைய 50 குதிரைத்திறனை எடுத்துவிட்டு 30 போட்டேன். மூன்றரை டன் படகுக்கு அது தாராளம், எதிர்க்காற்றுக்கும் மிச்சம் இருக்கிறது. உங்களுடையது எழும்பி ஓடும் வகை என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்குப் பழைய திறனை ஒட்டியே போக வேண்டும்.

இனி அளவு. இன்ஜின் பெட்டில் (இன்ஜின் உட்காரும் மேடை) அதைத் தாங்கும் மவுண்டுகளுக்கு இடையே உள்ள அகலம், ஷாஃப்ட்டின் மையத்திலிருந்து பெட்டின் மேற்பரப்பு வரை உள்ள உயரம், ஆயில் தேங்கும் சம்ப் இறங்க அடியில் இருக்கும் இடம், ஷாஃப்ட்டின் சாய்வு: இந்த நான்கையும் எடுத்து, விற்பவர் தரும் வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே பணம் கட்டுங்கள். பிளைவுட்டில் புது இன்ஜினின் அளவுக்கு ஒரு பொம்மைச் சட்டம் அடித்து உள்ளே இறக்கிப் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஃபில்டரை மாற்றக் கை நுழையாது என்று அந்தப் பொம்மைதான் சொன்னது, ஃபில்டரை எதிர்ப்பக்கம் மாற்றித் தரும்படி முன்பே கேட்டுக்கொள்ள முடிந்தது. கேபின் கதவு வழியாகப் பழையது வெளியே வருமா என்றும் அளந்துகொள்ளுங்கள்.

கழற்றும் வேலையை நாமே செய்யலாம். ஒவ்வொரு வயருக்கும் சீட்டுக் கட்டி, படம் எடுத்து, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் எல்லாம் உருவிவிட்டால் மீதி பாரம் குறைந்துவிடும். தூக்க மட்டும் நல்ல செயின் பிளாக்கும் அனுபவமுள்ள ஒருவரும் வேண்டும். ஆடும் இரும்புக்குக் கீழே யாரும் கை கால் வைக்கக் கூடாது.

இன்ஜின் வெளியே வந்ததும்தான் எனக்கு உண்மையான செலவு தெரிந்தது. பெட்டின் ஃபைபர் உறையை ஸ்க்ரூ டிரைவரால் தட்டினேன், ஒரு இடத்தில் சத்தம் சப்பென்றிருந்தது. குத்திப் பார்த்தால் பழுப்புத் தண்ணீர் வழிந்தது. உள்ளே இருந்த மரம் உளுத்த ரொட்டி. அதை வெட்டியெடுத்து, காய வைத்து, புது மரம் வைத்து மறுபடி ஃபைபர் போட ஒரு மாதம். அந்த இடைவெளியில் ஷாஃப்ட் சீல், பின்புற ரப்பர் பேரிங், டீசல் ஹோஸ் எல்லாம் மாற்றினேன், டேங்க்கின் அடிக்கசடையும் வழித்தேன். கடைசியில் கணக்குப் பார்த்தபோது மொத்தத்தில் இன்ஜினின் விலை பாதிதான். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் கோட்டை விட்ட இடம் இரண்டு. புது கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டைப் பழையதற்கு எதிர்த்திசையில் சுற்றும் என்பதைக் கவனிக்கவே இல்லை. பழைய ப்ரொப்பெல்லர் அப்படியே எதற்கும் உதவாமல் போய்விட்டது. கியர் விகிதமும் வேறு, ஆக எப்படியும் புதிது வாங்கத்தான் வேண்டியிருந்தது. இரண்டாவது, கியர் பாக்ஸும் ஷாஃப்ட்டும் சேரும் இணைப்பான கப்ளிங்கை நேர்ப்படுத்தல். கரையில் தாங்குகட்டை மேல் படகு நிற்கும்போதே இரண்டு கப்ளிங் முகங்களுக்கு நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு, சுற்றிலும் 0.1 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்து, பெருமையோடு போல்ட்டை முறுக்கினேன். தண்ணீரில் இறக்கியதும் படகு முழுதும் உறுமியது. இரண்டு நாள் கழித்து போல்ட்டைக் கழற்றி அளந்தால் மேலுக்கும் கீழுக்கும் 0.4 வித்தியாசம். படகின் உடல் கட்டை மேல் ஒரு விதமாகவும் தண்ணீரில் இன்னொரு விதமாகவும் வளைகிறது. கரையில் சுமாராகச் சரிபண்ணுங்கள். இறுதி அளவை, ஓரிரு நாள் மிதந்த பிறகு, டேங்க்கில் வழக்கமான டீசலோடு எடுங்கள். 100 மில்லிமீட்டர் கப்ளிங்குக்கு 0.1தான் உச்சவரம்பு. புது ரப்பர் மவுண்டுகள் கொஞ்சம் அமுங்கும், அதனால் இருபது முப்பது மணி நேரம் ஓடியதும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

ப்ரொப்பெல்லர் சரியா என்று அறிய ஒரே வழி, முழு த்ராட்டிலில் ஓட்டி ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுற்று) பார்ப்பது. என் இன்ஜினுக்கு 3600 என்று எழுதியிருந்தது. வந்தது 3200. அதாவது சுமை அதிகம், இப்படியே ஓட்டினால் புது இன்ஜினும் கறுப்புப் புகைக்குத்தான் திரும்பும். பிட்ச்சை (ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) ஒரு அங்குலம் குறைத்தால் சுமார் 200 ஆர்பிஎம் கூடும். இரண்டு அங்குலம் குறைத்ததில் கணக்கு சரியாக உட்கார்ந்தது. புது இன்ஜின் நூறு கிலோ லேசு என்பதால் படகின் பின்பக்கம் இரண்டு விரல் உயர்ந்தது. பேட்டரிகளைப் பின்னுக்கு நகர்த்திச் சமாளித்தேன்.

நாமே செய்யலாமா என்றால், தூக்குவதையும் ஃபைபர் வேலையையும் தவிர மற்றதைப் பொறுமை இருப்பவர் செய்யலாம். ஆனால் முதல் நாள் ஒன்றை மறக்கக் கூடாது. டீசல் லைனில் காற்று இருக்கும்வரை இன்ஜின் பிடிக்காது, நாமும் ஸ்டார்ட்டரை விடாமல் சுற்றிக்கொண்டே இருப்போம். அந்த நேரம் முழுக்கப் பம்ப் வெளிநீரை இழுத்து எக்ஸாஸ்ட்டுக்குள் தள்ளுகிறது. புகை அழுத்தம் இல்லாததால் நீர் வெளியேறாமல் சைலன்சரை நிரப்பி, திரும்பி சிலிண்டருக்குள்ளேயே போய்விடும். ஒரு நிமிஷம்கூட ஓடாத புது இன்ஜின் இப்படி நாசமாவதுண்டு. காற்றெடுக்கும்போது நீர் வால்வை மூடி வையுங்கள், பிடித்த மறுகணம் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பம்ப்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து கிழியும். வால்வுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டுத்தான் நான் சாவியைத் திருப்பினேன்.

எல்போவைக் கழற்றியதும் உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துவிட்டு மேலே பேசலாம்.