அறையைப் பூட்டியவன் யார்?

கேள்வி: சென்ற இதழில் நீங்கள் பரிந்துரைத்திருந்த ‘ஃபாலிங் ஏஞ்சல்’ என்னும் குற்றத் திகில் நாவல், வாசகனை ஏமாற்றும் வேலை. நியூ ஆர்லியன்ஸில் அலையும் தனியார் துப்பறிவாளன் ஒருவன், தான் தேடிக்கொண்டிருந்த ஆள் தானேதான் என்று கடைசியில் கண்டுபிடிக்கிறான். அவனை வேலைக்கு அமர்த்தியவர் சாத்தானாம்! சாத்தானே வந்துவிட்ட பிறகு துப்பறிவதற்கு என்ன இருக்கிறது? பேய் நாய் என்று ஊரே நடுங்கியதை ஷெர்லக் ஹோம்ஸ் வெறும் நாய் என்று நிரூபித்தாரே, அதுவல்லவா நேர்மையான எழுத்து? இத்தகைய நூல்களைப் பரிந்துரைப்பதை நிறுத்திக்கொள்வீர்களா?

(வாசகர், கும்பகோணம்)

பதில்: முதலில் ஊரைச் சரிசெய்துகொள்வோம். வில்லியம் யோர்ட்ஸ்பெர்க் 1978இல் வெளியிட்ட அந்த நாவலின் கதை நியூ ஆர்லியன்ஸில் நடப்பதேயில்லை. அது 1959 மார்ச் 13, வெள்ளிக்கிழமையன்று நியூயார்க்கில் தொடங்கி, டைம்ஸ் சதுக்கம், ஹார்லம், கோனி தீவு என்று அந்த நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையுமே வலம்வருகிறது. கதையை நியூ ஆர்லியன்ஸுக்குக் கொண்டுபோனவர், 1987இல் அதை ‘ஏஞ்சல் ஹார்ட்’ என்ற பெயரில் படமாக்கிய ஆலன் பார்க்கர். ஆண்டையும் அவர் 1955 என்று மாற்றிக்கொண்டார். ஆக, நீங்கள் பார்த்தது ஒன்று, திட்டுவது மற்றொன்று. படத்தைப் பார்த்துவிட்டு நாவலைத் திட்டுவது பெரிய குற்றமில்லைதான். ஆனால் எழுத்தின் நேர்மையைப் பற்றி எழுதப்பட்ட கடிதத்தில் அது கொஞ்சம் உறுத்துகிறது. முடிவை நீங்களே போட்டு உடைத்துவிட்டதால் நானும் இனி எதையும் மறைக்கப்போவதில்லை. நாவலை இன்னும் படிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

நீங்கள் சாட்சிக்கு அழைத்த ஹோம்ஸையே முதலில் விசாரிப்போம். ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’ 1901 ஆகஸ்டு முதல் 1902 ஏப்ரல் வரை ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் தொடராக வந்தது. அதில் வழக்கைக் கொண்டுவரும் டாக்டர் மார்ட்டிமர் பாஸ்கர்வில் குடும்பத்தின் குலசாபத்தையும் நரகத்து நாயையும் பற்றிச் சொல்லிவிட்டுப் போன பிறகு, ஹோம்ஸ் மிகவும் நிதானமாக ஓர் எல்லைக்கோட்டைப் போடுகிறார்: மார்ட்டிமர் ஐயப்படுவதுபோல இயற்கையின் சாதாரண விதிகளுக்கு அப்பாற்பட்ட சக்திகளோடுதான் நாம் மோதுகிறோம் என்றால் நம் விசாரணை அங்கேயே முடிந்துவிடுகிறது, ஆனால் அந்த முடிவுக்குப் போவதற்கு முன் மற்ற எல்லாச் சாத்தியங்களையும் தீர்த்துவிட வேண்டும் என்கிறார். பேயே கிடையாது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பேய் உண்டென்றால் அது தம் தொழிலின் எல்லைக்கு வெளியே என்றுதான் சொல்கிறார்.

அந்த நாவல் நேர்மையானது என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பாஸ்கர்வில் வாரிசு தங்கியிருக்கும் விடுதியில் முதலில் அவருடைய புதுக் காலணி ஒன்று திருடுபோகிறது, அடுத்துப் பழைய காலணி ஒன்று காணாமல்போகிறது, அதன் பிறகு புதுக் காலணி திரும்ப வந்துவிடுகிறது. புதுக் காலணியில் அதை அணிபவரின் வாடை ஏறியிருக்காது, பழையதில்தான் ஏறியிருக்கும், வாடை வேண்டுமென்றால் மோந்து துரத்தும் உண்மையான விலங்கு ஒன்று இருந்தாக வேண்டும் என்று அங்கே ஓடும் தர்க்கம் இன்றைக்கும் மெச்சத்தக்கது. ஆனால் உங்களுக்கு அவ்வளவு நிறைவளித்த அந்த இறுதி விளக்கத்தைச் சற்றே உரசிப் பாருங்கள். நாயின் முகத்தில் பாஸ்பரஸ் கலந்த கலவையைப் பூசியதால் அது தீப்பிழம்பாக ஒளிர்ந்தது என்கிறார் ஹோம்ஸ். இருட்டில் ஒளிரும் வெண்பாஸ்பரஸ் கொடிய நஞ்சு. ஏறத்தாழ 30 பாகை செல்சியஸிலேயே காற்றில் தானாகப் பற்றிக்கொள்ளக் கூடியது. நாயின் உடல் வெப்பமோ 38 பாகைக்கு மேல். அதை முகத்தில் பூசிக்கொண்டு, நாக்கால் நக்கிக்கொண்டு, சதுப்பு நிலத்தின் ஊடே ஓர் ஆளைத் துரத்திய அந்த நாய் உண்மையிலேயே இயற்கையின் விதிகளுக்கு அப்பாற்பட்டதுதான். இத்தனைக்கும் ஆர்தர் கோனன் டாயில் மருத்துவம் படித்தவர். அறிவியல் என்ற முத்திரை இருந்ததால் நீங்களும் நானும் அதைக் கேள்வி கேட்காமல் விழுங்கினோம். சாத்தான் என்றதும் உங்களுக்குத் தொண்டையில் சிக்குகிறது.

‘பேய்களுக்கு இடமில்லை’ என்று துப்பறியும் கதைக்கு எழுத்தில் சட்டம் போட்டவர்களில் ஒருவர் ரொனால்டு நாக்ஸ். 1929இல் அவர் வகுத்த 10 கட்டளைகளில் இரண்டாவது, இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்திகள் அனைத்தையும் விலக்குகிறது. ஏழாவது, துப்பறிவாளரே குற்றத்தைச் செய்திருக்கக் கூடாது என்கிறது. ஒரே நாவலில் இரண்டையும் மீறியவர் என்று யோர்ட்ஸ்பெர்க்கைக் கூண்டில் ஏற்ற உங்களுக்கு இது வசதியான சட்டப் பிரிவு. ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். சாத்தான் உண்டு என்று போதிக்கும் திருச்சபையைச் சேர்ந்தவர். டாயிலோ 1916 முதல் ஆவியுலக நம்பிக்கையை வெளிப்படையாகப் பரப்பி, பின்னாளில் தேவதைகளின் புகைப்படங்களையும் மெய்யென்று வாதாடியவர். ஆவிகளில் நம்பிக்கை கொண்டிருந்த இவ்விருவருமே கதையின் வாசலில் அவற்றைத் தடுத்து நிறுத்தியதற்குக் காரணம், வாசகனோடு ஆடும் புதிர் விளையாட்டில் இரு தரப்புக்கும் ஒரே சீட்டுக்கட்டு இருக்க வேண்டும் என்ற கவலையே. கடைசிப் பக்கத்தில் பேய் வந்து கொலையை ஒப்புக்கொண்டால், அதுவரை யோசித்த வாசகன் முட்டாளாகிறான். விலக்கப்பட்டது அந்த மோசடிதான். பேயை முன்கூட்டியே சீட்டுக்கட்டில் சேர்த்துவிட்டு ஆடினால் என்ன ஆகும் என்பதை நாக்ஸின் சட்டத்துக்கு முன்பே, 1910இல், வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன் எழுதிப் பார்த்துவிட்டார். அவருடைய கார்னாக்கி துப்பறியும் வீடுகளில் சில சமயம் பேய் நிஜம், சில சமயம் மனிதனின் சூழ்ச்சி; எது எதுவென்று கண்டறிவதே துப்பு.

இனி, யோர்ட்ஸ்பெர்க் சீட்டுகளை மறைத்தாரா என்ற கேள்விக்கு வருவோம். துப்பறிவாளன் ஹாரி ஏஞ்சலை அமர்த்தும் கட்சிக்காரரின் பெயர் லூயி சைஃபர். அதை வேகமாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள், சாத்தானின் மறுபெயரான லூசிஃபர் வந்துவிடுவார். அவர்கள் முதலில் சந்திப்பது ஐந்தாம் அவென்யூவில் 666 என்ற கதவிலக்கம் கொண்ட உயர்மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்த உணவகத்தில். விவிலியத்தின் கடைசி நூல், சாத்தானின் ஏவலாளான மிருகத்துக்குக் கொடுத்த எண் அது. ஆசிரியரின் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள், அந்த இலக்கத்தோடு 1957இல் நியூயார்க்கில் நிஜமாகவே திறக்கப்பட்ட கட்டடம் அது. இதற்கு மேலும் சாத்தானை எப்படி அறிமுகப்படுத்துவது? கொம்பையும் வாலையும் வரைந்து அட்டையில் ஒட்டியிருக்க வேண்டும் என்கிறீர்களா?

பெயரும் எண்ணும் விளையாட்டுத்தனமான துப்புகள் என்று ஒதுக்கினாலும், முக்கியமானது ஒன்று மிச்சமிருக்கிறது. ஏஞ்சல் தேடும் ஆளான ஜானி ஃபேவரிட் என்னும் பழைய பாடகன் போரில் காயப்பட்டு ஒரு மருத்துவ விடுதியில் நினைவிழந்து கிடந்ததாகப் பதிவு இருக்கிறது. அவனை அங்கிருந்து இரகசியமாக வெளியேறவிட்டுப் பொய்க் குறிப்பு எழுதிவந்த டாக்டர் ஃபௌலர், மார்ஃபின் பழக்கத்துக்கு அடிமையானவர். மருந்து கிடைக்காமல் தவித்தால் வாயைத் திறப்பார் என்று எண்ணி, அவரை அவருடைய படுக்கையறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு ஏஞ்சல் வெளியே போகிறான். திரும்பி வந்து பார்க்கும்போது அவர் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறார். அறையைப் பூட்டியவன் யார்? துப்பறியும் கதை படித்துப் பழகிய எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. நாம் கேட்பதில்லை. ‘நான்’ என்று கதைசொல்பவனை ஐயப்படுவது நமக்குக் கூச்சமாக இருக்கிறது. கேலியும் களைப்புமாகப் பேசும் தனியார் துப்பறிவாளனின் குரல் நமக்கு அவ்வளவு பழகிவிட்டது. அதன் பிறகு அவன் சந்தித்துப் பேசியவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள், ஒவ்வொரு முறையும் அவன் போன பிறகு. காவல்துறை அவனைச் சந்தேகிக்கிறது. நாமோ வழக்கம்போலக் காவல்துறைக்கு மூளை மட்டு என்று எண்ணிக்கொண்டு பக்கத்தைப் புரட்டுகிறோம். சாட்சியங்கள் அனைத்தும் நம் கண்முன்னே கிடக்க, தவறான ஆளை நம்பியது நாம்தான். 1926இல் அகதா கிறிஸ்டி ஒரு நாவலில் இதையொத்த துணிச்சலைக் காட்டியபோதும் ‘ஏமாற்று’ என்ற கூச்சல் எழுந்தது; இன்று அந்த நாவலை அவருடைய தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாகச் சொல்கிறார்கள்.

‘சாத்தான் வந்த பிறகு துப்பறிவதற்கு என்ன இருக்கிறது?’ என்றீர்கள். எல்லாமே இருக்கிறது. நீங்கள் பார்த்த படத்திலேயே ஏஞ்சல் அந்த மருத்துவ விடுதிப் பதிவேட்டைப் புரட்டி, 1943 என்று தேதியிட்ட குறிப்பு பால்பாயிண்ட் பேனாவால் எழுதப்பட்டிருப்பதைக் கண்டுபிடிக்கிறான் அல்லவா? அந்தப் பேனா அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்ததே 1945 அக்டோபரில்தான். ஹோம்ஸ் பாராட்டியிருக்கக் கூடிய துப்பு அது. இப்படி ஒவ்வொரு படியிலும் ஏஞ்சலின் மூளை பிசகாமல் வேலை செய்கிறது. பொய்யைப் பொய்யென்று பிடிக்கிறான், சாட்சிகளைச் சரியான வரிசையில் தேடிப் போகிறான், இறுதியில் வழக்கை முடித்தும்விடுகிறான். அந்தத் திறமைதான் அவனைக் கொண்டுபோய் அவனிடமே நிறுத்துகிறது. அவன் கொஞ்சம் மந்தமான துப்பறிவாளனாக இருந்திருந்தால் தப்பித்திருப்பான். சைஃபருக்கு ஃபேவரிட் எங்கே என்று தெரியாமல் இல்லை. அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஃபேவரிட்டே தன்னைக் கண்டுபிடித்துத் தன் வாயால் ஒப்புக்கொள்வது. அதற்கு ஒரு துப்பறிவாளனைவிடப் பொருத்தமான கருவி ஏது? ஹோம்ஸ் ‘விசாரணை முடிந்துவிடுகிறது’ என்று சொல்லி நின்றுகொண்ட இடத்திலிருந்து இந்த விசாரணை தொடங்குகிறது.

கதையின் இந்த அமைப்பு புதிதும் அல்ல. சோஃபோக்ளிஸ் எழுதிய பழைய கிரேக்க நாடகத்தில், தீப்ஸ் நகரைக் கொள்ளைநோய் வாட்ட, முந்தைய மன்னனைக் கொன்றவனைத் தேடிப் பிடித்தே தீருவேன் என்று சபதமிட்டுச் சாட்சிகளை ஒவ்வொருவராக விசாரிக்கும் ஈடிபஸும் கடைசியில் கண்டுபிடிப்பது தன்னைத்தான். அங்கும் குறிசொல்லும் தெய்வம் உண்டு. குருட்டு முனிவர் டைரீசியஸ் ‘நீதான் அவன்’ என்று தொடக்கத்திலேயே முகத்துக்கு நேராகச் சொல்லியும்விடுகிறார். சோஃபோக்ளிஸ் வாசகனை ஏமாற்றிவிட்டார் என்று கும்பகோணத்திலிருந்து இதுவரை கடிதம் வந்ததில்லை.

நாவலில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. பெயர்களை வைத்து ஆசிரியர் காட்டும் வேடிக்கை சில இடங்களில் பள்ளிக்கூடத்துக் குறும்பாகக் குறுகிவிடுகிறது. கொலைகளின் வருணனையில், குறிப்பாகக் கொல்லப்படும் பெண்களின் உடல்களைக் காட்டும் விதத்தில், தேவைக்கு மேற்பட்ட சுவை தெரிகிறது. கறுப்பின மக்களின் வூடூ வழிபாடு பெரும்பாலும் பின்னணி நடுக்கத்துக்காகவே பயன்படுகிறது; ஆயினும் சாத்தானை வணங்கிக் கறுப்புப் பூசை செய்பவர்களாகப் பணக்கார வெள்ளையர்களையே காட்டி, இரண்டும் வேறு வேறு என்ற அளவுக்காவது ஆசிரியர் தெளிவாக இருக்கிறார். இவற்றில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள் எழுதியிருந்தால் இந்தப் பதில் இவ்வளவு நீண்டிருக்காது, தொனியும் வேறாக இருந்திருக்கும்.

பரிந்துரைப்பதை நிறுத்துவதாக இல்லை. புத்தகம் கைக்குக் கிடைத்தால், ஏஞ்சல் டாக்டரைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகும் இடத்தில் அவன் பின்னாலேயே போய்விடாமல், அந்தக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அப்போதும் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் மறுபடி எழுதுங்கள். இம்முறை நாவலைப் பற்றி.