ராக் பேண்டுக்காகப் படிப்பை விடலாமா? ஆர்.இ.எம். குழுவை முன்வைத்து ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

அமெரிக்காவின் ஏதென்ஸ் ஊரில் உள்ள ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகன், நண்பர்கள் மூவரோடு ராக் பேண்ட் நடத்தப் படிப்பை விடப்போவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். "ஆர்.இ.எம். பேண்டும் இதே ஏதென்ஸ் ஊரில், படிப்பைப் பாதியில் விட்டவர்கள் தொடங்கியதுதானே" என்கிறாராம். புகழ்பெற்ற அந்த அமெரிக்க ராக் குழுவைப் பற்றி அவர் சொல்வது உண்மை. அதை மறுத்துப் பேசாதீர்கள். மறுத்தால் அப்புறம் நீங்கள் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது. அந்தக் குழுவின் கதையை அவரோடு உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள்.

குழுவின் கிட்டார் கலைஞர் பீட்டர் பக், எமரி பல்கலைக்கழகப் படிப்பை விட்டுவிட்டு ஏதென்ஸில் வக்ஸ்ட்ரி என்ற இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர். பாடகர் மைக்கேல் ஸ்டைப், ஓவியமும் புகைப்படமும் படித்துக்கொண்டே அங்கே வாடிக்கையாளராக இருந்தவர். மேக்கன் ஊரில் பள்ளிக் காலத்திலிருந்தே ஒன்றாக வாசித்துவந்த மைக் மில்ஸும் டிரம்மர் பில் பெர்ரியும் சேர்ந்துகொள்ள, 1980 ஏப்ரல் 5 அன்று ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில், தோழி ஒருவரின் பிறந்தநாள் விருந்தில் முதல் நிகழ்ச்சி நடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் தம்பி நிதானமாகப் பார்க்க வேண்டும். 1981இல் ஒரு சின்ன லேபிளில் (இசை வெளியீட்டு நிறுவனத்தில்) முதல் சிங்கிள், அதாவது தனிப்பாட்டு வெளியீடு. அதைப் பதிவு செய்தது இசைத் தயாரிப்பாளர் மிட்ச் ஈஸ்டர் தன் பெற்றோர் வீட்டு கராஜில் வைத்திருந்த ஸ்டூடியோவில். 1983இல் 'மர்மர்' ஆல்பம் வந்தது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் விமர்சகர்கள் அதை ஆண்டின் சிறந்த ஆல்பம் என்றார்கள். ஆனாலும் அமெரிக்க ஆல்பங்களைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 36ஆம் இடத்தைத் தாண்டவில்லை. வேனில் ஊர் ஊராகப் போய் கிளப்களில் வாசித்தார்கள், ஆண்டுக்கு ஓர் ஆல்பம் போட்டார்கள். கல்லூரி வானொலிகள் இவர்களை விடாமல் ஒலிபரப்பின. பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் ஆல்பம் 1987இல் வந்தது. அது அவர்களுடைய ஐந்தாவது ஆல்பம். 'அவுட் ஆஃப் டைம்' முதலிடம் பிடித்தது 1991இல். இருபது வயதில் தொடங்கிய ஸ்டைப்புக்கு அப்போது 31. "இத்தனை வருஷம் கையில் காசு இல்லாமல் வேனில் போகத் தயாரா?" என்று கேளுங்கள். மிரட்டலாக இல்லாமல், பதிலைத் தெரிந்துகொள்வதற்காகவே கேளுங்கள்.

இனி, இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. யார் எழுதிய பாட்டாக இருந்தாலும் நால்வர் பெயரையும் போட்டு, வருமானத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் வேண்டாம் என்றால் அந்த முடிவு கிடையாது. அமெரிக்காவில் பாடலின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. சாதாரண எஃப்.எம். வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கு ராயல்டி உண்டு. வாசித்தவருக்கு அதில் எதுவும் கிடையாது. பாடகர் பெயரில் மட்டும் பாட்டைப் பதிந்துவிட்டு டிரம்மர் வெறுங்கையோடு நிற்கும் பேண்ட் எத்தனை நாள் ஒற்றுமையாக இருக்கும்? அதே பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த பெர்டிஸ் டவுன்ஸ் தொடக்க காலத்திலேயே இவர்களுக்குச் சட்ட ஆலோசகராக வந்து, கடைசிவரை கூடவே இருந்தார். பெர்ரி மேக்கனில் நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தபோது, அங்கேயே வேலை பார்த்த இயன் கோப்லாண்டோடு பழகியிருந்தார். இயனுடைய அண்ணன் மைல்ஸின் ஐ.ஆர்.எஸ். லேபிள்தான் 1982இல் இவர்களை எடுத்துக்கொண்டது. கிட்டார் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஏதென்ஸில் அன்றும் நிறையப் பேர் இருந்தார்கள். இந்த ஒழுங்கும் இந்த அறிமுகங்களும் எல்லோருக்கும் வாய்க்கவில்லை.

1995இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மேடையிலேயே பெர்ரிக்கு மூளை ரத்தக்குழாய் வீக்கத்தால் பாதிப்பு வந்தது. பிழைத்தார். 1997இல் குழுவை விட்டு விலகி விவசாயத்துக்குப் போனார். தன்னால் பேண்ட் கலையும் என்றால் விலக மாட்டேன் என்றவரை, மற்ற மூவரும் மனக்கசப்பு இல்லாமல் அனுப்பிவைத்தார்கள். 2011இல் பேண்டையே முடித்துக்கொண்டபோதும் வழக்கு, வம்பு எதுவும் இல்லை. 2024இல் பாடலாசிரியர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் இடம் கிடைத்தபோது நால்வரும் சேர்ந்தே வாசித்தார்கள்.

இப்போது உங்கள் வீட்டு விஷயம். நடக்கிற செமஸ்டரைக் கட்டாயம் முடிக்கச் சொல்லுங்கள். அதன்பின் முறைப்படி இடைவெளி எடுக்கலாம். ஓர் ஆண்டு விட்டுத் திரும்பி வந்தால் சேர்க்கை எப்படி என்று ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்திலும், ஜார்ஜியா மாநிலம் தரும் ஹோப் உதவித்தொகையின் காலவரம்பு என்ன என்று நிதியுதவி அலுவலகத்திலும் கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும். தம்பி அங்கேயே பிறந்தவர் என்பதால் விசா கவலை இல்லை. எஃப்-1 என்ற வெளிநாட்டு மாணவர் விசாவில் இருந்திருந்தால் என் பதிலே வேறு. 26 வயது வரை உங்கள் மருத்துவக் காப்பீட்டில் அவர் இருக்கலாம், அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். படிப்பைத் தொடர்ந்துகொண்டே இசையில் இருக்க மனம் வந்தால், அதே வளாகத்தில் மியூசிக் பிசினஸ் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. என் விருப்பம் அதுதான். ஆனால் முடிவு அவருடையது.

பேண்டில் இறங்கியே தீருவேன் என்றால், நால்வரும் முதலில் ஒரு ஒப்பந்தம் எழுதட்டும்: பாட்டில் யாருக்கு எத்தனை பங்கு, பேண்டின் பெயர் யாருடையது, ஒருவர் விலகினால் அவருக்கு என்ன கிடைக்கும், வேனும் ஸ்பீக்கர்களும் யார் பெயரில். இதைப் பேசவே கூச்சப்படுகிறார்கள் என்றால், படிப்பை விடும் பேச்சை அதுவரை தள்ளிவையுங்கள். வேன் வாங்கக் கடன் எடுத்தால் நீங்களோ அவருடைய அப்பாவோ ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டாம். லேபிள் ஒப்பந்தம் எது வந்தாலும் பொழுதுபோக்குத் துறை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பிறகே கையெழுத்து; அந்த வழக்கறிஞர் கட்டணத்துக்கு நீங்கள் பணம் கொடுக்கலாம்.