கொலுசு நம்ம ஊரு, காலு எந்த ஊரு?

வாசகர் கேள்வி, அக்கா பதில்

அக்கா, என் பொண்ணு பத்தாவது படிக்கிறா. ஃபில்டர் போடாம ஒரு போட்டோ எடுக்க விடமாட்டேங்கிறா, ஆடித் திருவிழாவுக்கு கோட்டை மாரியம்மன் கோயில் வாசல்ல குடும்பமா எடுத்த படத்துல கூட கையால மூஞ்சிய மறைச்சிருக்கா. இப்ப கூடப் படிக்கிற புள்ள சொல்லுச்சுன்னு ஏதோ க்ரீம் வாங்கி பூசுறா, ஒரே வாரத்துல பளிச்சுனு ஆயிருச்சு. சந்தோஷப்படறதா பயப்படறதா? – ஒரு அம்மா, அம்மாபேட்டை, சேலம்

பயப்படுங்கம்மா. ஒரு வாரத்துல பளிச்சுனு ஆக்குற க்ரீம்ல பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும், இல்லாட்டி பாதரசம் இருக்கும். ஸ்டீராய்டு மொதல்ல நல்லா வெளுக்க வைக்கும், அப்புறம் தோலு மெலிஞ்சு செவந்து பரு வந்து முடி மொளைக்கும், நிறுத்துனா இன்னும் மோசமாகும், அதனால பயந்துட்டு மறுபடி அதையே பூசுவாங்க, இப்படியே ஓடும். 2018லயே இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீமையெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு கவர்மெண்ட் சட்டத்துல போட்டாச்சு, ஆனா மெடிக்கல்ல போயி கேட்டா எடுத்து நீட்டுறாங்க, அது வேற கதை. பாதரசம் இன்னும் ஆபத்து, கிட்னியப் பதம் பாக்கும். மூத்திரம் நுரை நுரையா போனாலோ கால் வீங்குனாலோ ஒருநாள் கூட தள்ளாதீங்க. ட்யூப தூக்கிப் போட்றாதீங்க, அதையும் டப்பாவையும் எடுத்துட்டு ஜிஹெச்சுல தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க, எப்படி நிறுத்தறதுன்னு அவரு சொல்லுவாரு.

இது மருந்து விஷயம். மனசு விஷயத்துக்கு வர்றேன், கோவிச்சுக்காதீங்க. அவ கறுப்புனு அவளுக்கு மொதல்ல சொன்னது யாரு? டிவி இல்லீங்க, நம்ம வீடுதான். வெயில்ல ஆடாத கறுத்துருவ, இந்தக் கலரு உனக்கு எடுக்காது, அக்கா மாதிரி நீ இல்லையே, இப்படி காதுல விழுந்து விழுந்து ஏற்கனவே ஒரு பள்ளம் இருக்கும், விளம்பரக்காரன் அதுல தண்ணி ஊத்துறான், அவ்வளவுதான். 1975ல வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 45 வருஷம் கழிச்சு 2020லதான் பேர க்ளோ அண்ட் லவ்லினு மாத்துச்சு, அந்த 45 வருஷத்துல கறுப்பா இருந்தா வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காதுன்னு பாட்டி, அம்மா, பொண்ணுன்னு மூணு தலைமுறைக்குப் பாடம் நடத்தியாச்சு. பேரு மாறுனதும் அது போயிருமா? உங்க பொண்ணுகிட்ட நீ அழகுதான்டின்னு தினம் சொல்லணும்னு கூட இல்ல. கலரு பேச்சையே வீட்ல நிறுத்துங்க. அப்பத்தா ஆரம்பிச்சாலும் நிறுத்துங்க.

அக்கா, எல்லாத்துக்கும் சினிமாவையும் விளம்பரத்தையும் குறை சொல்றது ஓவர் இல்லையா? பாத்துட்டு மறந்துடுறோம், டைம்பாஸ்தானே. – இன்ஜினியரிங் மாணவர், அஸ்தம்பட்டி

தம்பி, ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிக்குதே, அந்த வழியா போறப்ப இத யோசிங்க. டி.ஆர்.சுந்தரம் 1935ல ஆரம்பிச்ச சினிமா கம்பெனி, தமிழ்ல மொத கலர் படம் 1956ல எடுத்ததும் அவங்கதான். சினிமா வெறும் டைம்பாஸ்னு சேலத்துக்காரங்க சொன்னா எனக்கு சிரிப்பு வருது.

சரி, ஆதாரம் கேப்பீங்க. ஃபிஜி தீவுல ஒரு பகுதிக்கு 1995லதான் டிவி வந்துச்சு. அங்க சதைப்பிடிப்பா இருக்கறதுதான் அழகு, நல்லா சாப்பிடுன்னுதான் சொல்லுவாங்க. ஆன் பெக்கர்னு ஹார்வர்டு ஆராய்ச்சியாளர் டிவி வந்த புதுசுல ஸ்கூல் பொண்ணுங்கள விசாரிச்சாங்க, மறுபடி 1998லயும் விசாரிச்சாங்க. எடை குறைக்க சாப்பிட்டத வாந்தி எடுக்கறவங்க மொதல்ல ஒருத்தர் கூட இல்ல, மூணு வருஷத்துல 100க்கு 11 பேரு. ஊரு மாறும்போது வேற எதுவும் மாறியிருக்காதான்னு கேக்கலாம், நியாயம்தான், டிவி மட்டுமேன்னு நானும் அடிச்சு சொல்லல. ஆனா டிவில வர்ற பொண்ணுங்க மாதிரி ஒல்லியா ஆகணும்னு அந்தப் பொண்ணுங்களே வாயால சொல்லியிருக்காங்க. நீங்க மறந்துட்டீங்க, சரி. உங்க தங்கச்சி மறந்தாளான்னு கேட்டீங்களா?

சீரியல்தான் பெண்களைக் கெடுக்குது, கேபிளையே புடுங்கணும்ங்கிறேன். சரிதானே? – ஓய்வு பெற்ற ஆசிரியர், ஆத்தூர்

இல்லீங்கய்யா. உங்க கோவம் புரியுது, மருமகளுக்கு விஷம் வைக்கிற மாமியாரையும் தூங்கும்போது கூட பட்டுப்புடவை கட்டுற பொம்பளையையும் பாத்து எனக்கும் எரிச்சல்தான். ஆனா ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2001லருந்து 2003 வரைக்கும் இந்தியக் கிராமங்கள்ல கேபிள் வர்றதுக்கு முன்ன பின்ன பாத்தாங்க, நம்ம தமிழ்நாடும் அதுல உண்டு. கேபிள் வந்த ஊர்ல புருஷன் அடிச்சா தப்பில்லன்னு சொல்ற பொம்பளைங்க கொறைஞ்சாங்க, ஆம்பளப் புள்ளதான் வேணும்ங்கறதும் கொறைஞ்சுது. பொறந்த பொம்பளப் புள்ளைய கொல்லாம அரசாங்கத் தொட்டில்ல விடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல நம்ம சேலத்துலதான் ஆரம்பிச்சாங்க, ஏன் இங்கன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அப்படிப்பட்ட ஊர்ல டிவில ஒரு பொம்பள தனியா வீடு எடுத்து, வேலைக்குப் போயி, எதுத்துப் பேசறத பாக்கறது சின்ன விஷயம் இல்லீங்க. அதே பொட்டிதான் இடுப்ப நினைச்சு கூனிக் குறுகவும் வைக்குது, ரெண்டும் நடக்குது. புடுங்கிட்டா ரெண்டும் போயிரும்.

அக்கா, நான் செவ்வாய்ப்பேட்டையில டிசைன் வேலை பாக்குறேன். கொலுசுக் கடை விளம்பரத்துக்கு இங்க உள்ள பொண்ணு கால வெச்சு போட்டோ எடுத்தோம், ஓனரு அத வெள்ளையாக்கச் சொல்றாரு. செய்யவா வேணாமா? – டிசைனர்

உங்க கேள்விய படிச்சு ரொம்ப நேரம் உக்காந்துட்டேன் தம்பி. அந்தக் கொலுச பத்த வெச்சு, கோத்து, மெருகு போடுறதுல பாதி நம்ம ஊரு பொம்பளைங்க கை, விசேஷத்துக்கு வாங்கி போட்டுக்கறதும் நம்ம ஊரு காலு, ஆனா ஃபிளெக்ஸ்ல மட்டும் எங்கருந்தோ ஒரு ரோஸ் கலர் காலு. அஞ்சு ரோட்டுல நின்னு ஒரு சுத்து திரும்பிப் பாருங்க, புடவைக் கடை, நகைக் கடை, பல்லு ஆஸ்பத்திரி போர்டு வரைக்கும் நம்ம நிறத்துல ஒரு மூஞ்சி தேடுங்க பாப்போம்.

வேலைய விடுங்கன்னு சொல்ல மாட்டேன், வாடகை நானா கட்டப் போறேன்? ரெண்டு டிசைன் போட்டுக் காட்டுங்க. கறுத்த தோலுல வெள்ளி எப்படி எடுப்பா தெரியும்னு உங்களுக்கே தெரியும், வெளுத்த கால்ல அது மங்கிப்போயிரும். நியாயம் பேசறதவிட ஓனருகிட்ட இது எடுபடும். விளம்பரத் தர அமைப்பு, அதான் ஏஎஸ்சிஐ, 2014லயே நிறத்த வெச்சு ஒருத்தர மட்டமாக் காட்டாதன்னு வெள்ளையாக்குற க்ரீம் விளம்பரங்களுக்கு விதி போட்டுச்சு, 2022ல ஆண் பெண் பத்தின பழைய பல்லவிக்கும் சேத்து போட்டுச்சு. கொலுசு ஃபிளெக்ஸுக்கு அந்த 2014 விதி நேரா பொருந்தாது, உண்மையச் சொல்லிடறேன். ஆனா கறுப்பா இருக்கறவ அழுவுற மாதிரி விளம்பரம் டிவில எங்க பாத்தாலும் ஏஎஸ்சிஐ வெப்சைட்லயே புகார் போடலாம், யாரு வேணாலும்.

பொண்ணு பாக்கற போட்டோவ ஸ்டுடியோக்காரரு கேக்காமயே வெளுக்க வெச்சுட்டாரு. அப்படியே அனுப்பலாமா? – ஏற்காட்டிலிருந்து

வேணாம் கண்ணு. அந்த போட்டோவப் பாத்து வர்றவங்க அந்தப் பொண்ணத்தான் தேடுவாங்க, காபித் தோட்டத்துல வளந்த உன்ன இல்ல. ஒரிஜினல் ஃபைல கேட்டு வாங்கு, காசு குடுத்திருக்கல்ல.