பங்காளிக் கணக்கு

அன்புள்ள ஐயா,
பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த நான் பெங்களூருவில் வேலை செய்கிறேன். மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களுக்குத் தவறாமல் வந்துவிடுவேன். 2019 ஊராட்சித் தேர்தலுக்கு வரவில்லை. அங்கே நடப்பது பங்காளிக் கணக்குதானே? இன்னொன்று, யாரையும் பிடிக்காதபோது நோட்டாவுக்குப் போடுவது சரியா?

அன்புள்ள தம்பிக்கு,

நோட்டாவுக்கு எவ்வளவு விழுந்தாலும், வேட்பாளர்களுள் அதிக வாக்கு பெற்றவரே வென்றவர். மனம் ஆறுமென்றால் போடுங்கள்.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழகத்திலேயே மிக அதிகமாக, 81.20 விழுக்காடு, வாக்களித்தது நம் தருமபுரித் தொகுதி. பெருமைதான். ஆனால் 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து, மூன்றாண்டுகளுக்கு மேல் நம் ஊராட்சிகள் அரசு அமர்த்திய தனி அலுவலர்களின் கையில் இருந்தபோது, தேர்தல் எங்கே என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம் என்பதைத்தான் சில நாள்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஃபுளோரைடு தண்ணீரால் பல்லில் கறை படிந்த ஊர்கள் நம்முடையவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தது. ஆனால் ஊர்த் தொட்டியிலிருந்து தெருக்குழாய்க்கு அதைத் திறந்துவிடுவது ஊராட்சியின் வேலை. குழாய் வறண்டால் தலைவர் வீட்டு வாசலில் நின்று சத்தம் போடுவது என் அம்மாவின் வழக்கம். தனி அலுவலர் காலத்தில் யார் வாசலுக்குப் போவதென்று தெரியாமல், பதவி போன பழைய தலைவரையே திட்டிவிட்டு வருவார். அவரும் பாவம், கேட்டுக்கொள்வார். 2019-இல் வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு சீட்டுகளைக் கையில் கொடுத்தார்கள். எழுத்தறியாத அம்மா, தலைவருக்கான சீட்டு இளஞ்சிவப்பு என்பதை முதல் நாளே கேட்டு மனத்தில் இருத்திக்கொண்டு போனார்.

நீங்கள் பங்காளிக் கணக்கு என்று ஒதுங்குகிறீர்கள். ஒரு வார்டில் இருப்பவை சில நூறு வாக்குகள். பெங்களூரிலும் ஓசூரிலும் இருப்பவர்கள் வராமல் போனால், மிச்சமுள்ள வாக்குகளை இரண்டு வகையறாக்கள் விரல்விட்டு எண்ணிவிடும். அந்தக் கணக்கைச் சரியாக வரவைப்பதே, அதைக் குறை சொல்லி வராதிருக்கும் உங்களைப் போன்றவர்கள்தான். அப்போது வாக்குப்பதிவு இரண்டு கட்டமாக, டிசம்பர் 27 வெள்ளி, 30 திங்கள். எந்தக் கட்டமானாலும் ஒரு நாள் விடுப்பில் முடிந்திருக்கும். விடுப்பு கிடைக்கவில்லை என்று நீங்கள் சாக்குச் சொல்லாததால்தான் இவ்வளவு உரிமையோடு திட்டுகிறேன்.

அப்போது வென்றவர்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அடுத்தமுறை ஊருக்கு வரும்போது, உங்கள் பெயர் எந்த வார்டுப் பட்டியலில் இருக்கிறது என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.