1997இல் சுடப்பட்ட அண்ணா: இன்று வழக்குப் போட முடியுமா?

கேள்வி: 1997இல் தென்மராட்சியில் நடந்த சுற்றிவளைப்பில் என் அண்ணாவையும் மச்சானையும் ஆமி பிடித்துச் சென்றது. மச்சானை மறுநாள் விட்டார்கள். அண்ணாவின் உடல் இரண்டு நாள் கழித்துப் பனங்காணிக்குள் சூட்டுக் காயங்களோடு கிடந்தது. நீதவான் வந்து பார்த்தார், பிறகு புதைத்தோம். நட்டஈடும் எடுத்தோம். இப்போது பொலிஸில் கேட்டால், “20 வருசம் தாண்டிவிட்டது, காசும் வாங்கிவிட்டீர்கள், ஆமிக்கு மன்னிப்புச் சட்டம் இருக்கிறது” என்கிறார்கள். மச்சான் கனடாவில். மிருசுவில் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட ஆமிக்காரரே மன்னிப்பில் வெளியே வந்ததைக் காட்டி வீட்டிலும் தடுக்கிறார்கள். முயல்வதில் பயன் உண்டா?

பதில்: பொலிஸார் சொன்ன மூன்றும் பிழை. உங்களுக்கு இடைஞ்சல் சட்டத்தில் இல்லை, சாட்சியத்தில்தான் இருக்கிறது.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவைப் பாருங்கள். கொலைக்கும் இராஜத்துரோகத்துக்கும் வழக்குத் தொடரக் கால எல்லையே கிடையாது. 20 வருட எல்லை மற்றக் குற்றங்களுக்கு உரியது. ஆகவே முறைப்பாட்டின் வாசகம் முக்கியம். “கடத்தினார்கள், சித்திரவதை செய்தார்கள்” என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அந்த 20 வருடம் உங்களையே திருப்பி அடிக்கும். தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவின் கீழ் கொலை என்றும், யார் சுட்டது என்று தெரியாதபடியால் 32ஆம் பிரிவின் பொது எண்ணம் (எல்லோரும் ஒரே நோக்கத்தோடு செய்தது) என்றும் எழுதவேண்டும். நட்டஈட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கொலை, காசு வாங்கிச் சமரசம் செய்யக்கூடிய குற்றமல்ல. அந்தப் படிவத்தில் நீங்கள் என்ன கையெழுத்துப் போட்டிருந்தாலும் அரசு வழக்குத் தொடரும் உரிமை போகாது.

மன்னிப்புச் சட்டம் என்று அவர்கள் சொல்வது 1982இன் 20ஆம் இலக்க விலக்களிப்புச் சட்டமாக இருக்கவேண்டும். அது முதலில் 1977 ஓகஸ்ட் மாதத்துக்கென வந்தது. 1988இல் திருத்தி, அவ்வருடம் டிசம்பர் 16 வரை நீட்டினார்கள். 1997 அதற்கு வெளியே. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு ஒரு கவசம்தான், ஆனால் நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கு மட்டும். பிடித்துவைத்த ஆளைச் சுடுவதை அந்தக் கவசத்துக்குள் நுழைக்க முடியாது என்பது என் கருத்து.

இனி வேலை. முதலில் 1997 மரண விசாரணைக் கோவையின் இலக்கத்தைத் தேடுங்கள். சாவகச்சேரியில் பதிந்தார்களா யாழ்ப்பாணத்திலா என்று இரண்டு பதிவாளர்களிடமும் கேளுங்கள். கோவை கிடைத்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுத்து, சட்டத்தரணி மூலம் அதே இலக்கத்தில் மோஷன் (விண்ணப்பம்) போட்டு, விசாரணையை சிஐடியிடம் ஒப்படைக்கும்படி நீதவானைக் கேட்கலாம். புதிதாக பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைவிட இது பலம், ஏனென்றால் அடுத்த தவணையில் பொலிஸ் நீதிமன்றத்துக்கு அறிக்கை சொல்லியாகவேண்டும். கோவை அழிந்திருந்தால் அதே நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136(1)(அ) பிரிவின் கீழ் நீதவானிடம் நேரடியாக முறைப்பாடு தாக்கல் செய்யலாம். அதில் நீங்களும் சட்டத்தரணியும் ஒப்பமிடவேண்டும். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம் என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். அதற்கு ஒரு மாதம்தான் கால எல்லை.

புதைகுழியில் கைவைக்காதீர்கள். சீமெந்து பூச வேண்டாம், வேறிடத்துக்கு மாற்றவும் வேண்டாம். சன்னம் எலும்போடு இருந்தால் அதைச் சட்ட வைத்திய அதிகாரி, நீதவானின் கட்டளைப்படி, அவர் முன்னிலையில் எடுக்கவேண்டும். வீட்டார் தோண்டி எடுத்த சன்னத்தை எதிர்த்தரப்பு ஒரு கேள்வியில் தள்ளிவிடும்.

வழக்கின் உயிர் மச்சான். மிருசுவிலில் 2000 டிசம்பர் 19இல் எட்டுப் பேர் கொல்லப்பட்ட வழக்கு தீர்ப்புவரை போனதற்குக் காரணம், தப்பி வந்த ஒருவர் இடத்தைக் காட்டியதும் சில நாள்களிலேயே மலசலகூடக் குழியிலிருந்து உடல்கள் எடுக்கப்பட்டதும். அப்படியிருந்தும் 2015இல் எதிரிகள் (குற்றஞ்சாட்டப்பட்டவர்கள்) ஐவரில் ஒருவருக்கே மரண தண்டனை, நால்வர் விடுதலை. 2006 திருகோணமலை மாணவர் ஐவர் கொலையில் அதிரடிப்படையினர் உட்பட 13 பேர் 2019இல் விடுவிக்கப்பட்டனர். வெளிநாடு போன முக்கிய சாட்சிகள் பயத்தில் வரவில்லை. 2023இன் 10ஆம் இலக்க சாட்சிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மச்சான் வெளிநாட்டிலிருந்தே காணொலியில் சாட்சியம் சொல்ல நீதிமன்றத்தைக் கேட்கலாம். அதற்கு இலங்கைத் தூதரகத்துக்குப் போகவேண்டி வரும். அகதியாகப் போனவருக்கு அது லேசில்லை, இப்போதே பேசி வையுங்கள்.

“ஆமி” என்று மட்டும் சொன்னால் எதிரி இல்லாத வழக்காகிவிடும். எந்த முகாம், எந்தப் படைப்பிரிவு, பிடித்துப் போன அதிகாரியை மற்றப் படையினர் என்ன பெயரால் கூப்பிட்டார்கள், யார் தமிழ் பேசினார் என்பதெல்லாம் மச்சானின் சத்தியக்கடதாசியில் வரவேண்டும். அதற்கு முன் செஞ்சிலுவைக்கும், மனித உரிமை ஆணைக்குழுவுக்கும், நட்டஈட்டுக்கும் நீங்கள் கொடுத்த பழைய கடிதங்களை அருகருகே வைத்துத் திகதிகளைச் சரிபாருங்கள். ஒன்றில் காலை, இன்னொன்றில் மாலை என்றிருந்தால் மறைக்காமல் காரணத்தைக் கடதாசியிலேயே எழுதுங்கள். குறுக்கு விசாரணையில் முதலில் கிழிபடுவது இதுதான்.

மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை போடுவது சட்டமா அதிபர் மட்டுமே. கோவைகள் வருடக்கணக்கில் தூங்குமிடமும் அதுவே. அசையாவிட்டால் எழுத்தில் நினைவூட்டி, பதிவுத் தபால் துண்டுகளைச் சேர்த்துவையுங்கள். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆணைமனு (கடமையைச் செய்யும்படி அதிகாரிக்குக் கட்டளையிடக் கேட்கும் மனு) போடும்போது அவை வேண்டும். வழக்கை வேறு மாவட்டத்துக்கு மாற்றக் கேட்டால் உடனே எதிர்ப்பு மனு போடுங்கள். 1996 குமாரபுரம் (திருகோணமலை) படுகொலை வழக்கு அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, 2016இல் ஆறு படையினரும் ஜூரிகளால் விடுவிக்கப்பட்டனர்.

வீட்டார் பயப்படும் பொதுமன்னிப்பு, தீர்ப்புக்குப் பிறகு வருவது. அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை குற்றவாளியாகக் காணப்பட்டவரை மன்னிக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் தருகிறது. மரண தண்டனையானால் வழக்கு விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை மூன்றும் வேண்டும். மிருசுவில் குற்றவாளி சுனில் ரத்நாயக்கவை உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டில் குற்றவாளியென உறுதிசெய்தபின், 2020 மார்ச்சில் ஜனாதிபதி விடுவித்தார். ஆனால் 2021இல், கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட முன்னாள் எம்.பி. துமிந்த சில்வாவுக்குக் கொடுத்த மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் இரத்துச் செய்தது. றோயல் பார்க் அடுக்குமாடிக் கொலைக் குற்றவாளிக்குக் கொடுத்த மன்னிப்பும் அதே வருடம் இரத்தானது. உங்கள் வழக்கிலும் அப்படி ஒரு மன்னிப்பு ஒரு நாள் வந்தால் சட்டமா அதிபரை எதிர்மனுதாரராக்கி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். மன்னிப்பு வெளியான நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மனு தாக்கலாக வேண்டும்.